பாரிஸ்காரர் தங்கிய கிழமை

ஒரு சொல்லை மாமா பிழையாகக் கேட்டார். அதனால் எங்கள் வீட்டில் ஒரு கிழமை மூன்று நேரமும் பாண்.

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். தெல்லிப்பழைப் பக்கம் வீடு. சண்டை முடிந்து, காங்கேசன்துறைத் துறைமுகத்தைத் திருத்தத் தொடங்கிய நேரம். அப்பா கட்டாரில். வீட்டில் அம்மா, அம்மாவின் அண்ணனான மாமா, அவர்கள் இருவருக்கும் இளையவரான சின்னம்மா, நான். மாமா சொல்வதுதான் நடக்கும்.

மாமா சின்னம்மாவுக்குப் பாரிஸ் மாப்பிள்ளை பார்த்திருந்தார். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. சின்னம்மா ஆசிரிய கலாசாலைக்கு எடுபட்டிருந்தார். எனக்குப் பாரிஸ் வேண்டாம், படிக்கப் போகிறேன் என்று சொன்னார். அழுதும் பார்த்தார். மாமா காதில் விழுத்தவில்லை. பாரிசிலிருந்து ஒருவர் வருவார், பெண்ணையும் வீட்டையும் பார்ப்பார், அவருக்குப் பிடித்தால் எல்லாம் சரி என்று தரகர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ஓர் ஓட்டோக்காரர் படலையடியில் வந்து நின்றார். ஓர் ஐயா கொழும்பால் வந்திருக்கிறார், துறைமுகத்தில் இயந்திரம் பார்க்கிற வேலை, ஒரு கிழமைக்கு அறை வேண்டும் என்றார். போகிற போக்கில், ஐயா பார்சி என்றும் சொன்னார்.

மாமாவுக்கு அது பாரிஸ் என்று கேட்டது. வேறு எப்படிக் கேட்கும்? எங்கள் ஒழுங்கையில் பாரிசில் ஆள் இல்லாத வீடு இல்லை. பார்சி என்று உலகத்தில் ஒரு சனம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. முந்தி ஒரு காலம் பாரசீகத்தை விட்டு இந்தியாவுக்கு வந்த சனம் அது. சரத்துஸ்திரர் என்ற ஞானி காட்டிய வழியில் நடப்பவர்கள். கொழும்பிலும் கொஞ்சக் குடும்பங்கள் இருக்கின்றன. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

மாமா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அறை கேட்பது நடிப்பு என்றார். சொல்லாமல் வந்து, கூட இருந்து பார்த்துவிட்டுப் போகிற திட்டம். எங்களுக்குத் தெரியும் என்று காட்டக்கூடாது. கலியாணக் கதையை ஒருவரும் எடுக்கக்கூடாது. பாரிஸ் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது.

பின்னேரம் அவர் வந்து இறங்கினார். நல்ல வெள்ளை. நீண்ட மூக்கு. நரைத்த மீசை. தமிழில் வணக்கமும், போதும் என்பதற்குக் காணும் என்பதும் மட்டும் தெரியும். தமிழர் இல்லை என்று கண்டதும் மாமா கொஞ்சம் திகைத்தார். பிறகு தெளிந்தார். மாப்பிள்ளையின் முதலாளியே நேரில் வந்துவிட்டார் என்று முடிவு கட்டினார்.

பாரிஸ் ஆட்களுக்குப் புட்டு இறங்காது என்று மாமா பேக்கரியில் பாண் வாங்கினார். பாரிசில் இருக்கும் சித்தப்பா எப்போதோ அனுப்பிய கலண்டரைத் தேடி எடுத்து விறாந்தையில் மாட்டினார். வருசம் போன கலண்டர். ஆனால் அதில் அந்தப் பெரிய இரும்புக் கோபுரம் இருந்தது. வந்தவர் அதை ஒரு தரமும் பார்க்கவில்லை. பாணை விட்டுவிட்டு எங்கள் புட்டை எட்டிப் பார்த்தார். மாமா அதைக் கவனிக்கவில்லை.

வீட்டில் இங்கிலீசு தெரிந்தது சின்னம்மாவுக்குத்தான். ஆகவே வந்தவர் சொன்னதெல்லாம் சின்னம்மாவின் வாயால்தான் எங்களுக்கு வந்தது.

மறுநாள் விடிய அவர் முற்றத்தில் சூரியனைப் பார்த்து நின்றார். வெள்ளை மெல்லிய உள்சட்டை. அதற்கு மேல் இடுப்பில் ஒரு நூல்கயிறு. அதை அவிழ்த்தார், ஏதோ முணுமுணுத்தார், திரும்பவும் சுற்றிக் கட்டினார். அங்கே குளிர், அதுதான் இடுப்புக்குக் கட்டுகிறார்கள் என்று மாமா எங்களுக்கு விளக்கினார். சின்னம்மா போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்.

“மூண்டு சுத்தாம். நல்லதை நினைக்கிறது, நல்லதைச் சொல்லுறது, நல்லதைச் செய்யிறது. பொய்தான் அவையளுக்குப் பெரிய பாவமாம்.”

மாமாவுக்கு நல்ல சந்தோசம். அப்படியென்றால் மாப்பிள்ளை சொன்ன வேலை உண்மைதான் என்றார்.

அம்மாவுக்கும் அவரைப் பிடித்துப்போனது. சாமியறை விளக்குக்கு முன்னால் அவர் வாசலிலேயே நின்று தலை குனிந்தார். நெருப்பைக் கும்பிடுகிறவரோ என்று அம்மா கேட்பித்தார். இல்லையாம். கடவுள் ஒருவர்தானாம். வெளிச்சத்தைப் பார்த்து அவரை நினைப்பதாம். உலகத்தில் நல்லதும் கெட்டதும் அடிபடுகிறதாம், எந்தப் பக்கம் நிற்பது என்று அவரவர்தான் தெரியவேண்டுமாம். மாமாவை விட இவர் நல்ல சைவம் என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டு, அவருக்கு மீன் பொரித்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மாமா கோடியில் குப்பை கொளுத்தினார். சருகு, பொலித்தீன் பை, அறுந்த செருப்பு. பாரிஸ்காரர் அறையிலிருந்து பதறி வந்தார். நெருப்பில் அழுக்கைப் போடக்கூடாது, அது சுத்தமான பொருள் என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். மாமா பயந்துபோய் வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தார். தண்ணீரையும் அழுக்காக்கக் கூடாதாம். மாமா வெறும் வாளியோடு நின்றார். பாரிசில் குப்பையை என்னதான் செய்கிறார்கள் என்று அன்று முழுக்க யோசித்தார். அந்தக் கிழமை குப்பை அப்படியே கிடந்து நாறியது.

நாலாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒழுங்கையால் பறைமேளத்தோடு ஒரு பிரேதம் போனது. என்ன சத்தம் என்று அவர் கேட்டார். சுடலைக்குக் கொண்டுபோய் எரிப்பார்கள் என்று சின்னம்மா சொன்னார். அவர் பாணை வைத்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். நெடுநேரம் சொன்னார். கொழும்பு என்ற சொல் இரண்டு மூன்று தரம் வந்தது எனக்குக் கேட்டது. சின்னம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அவ்வளவு நீளக் கதையைச் சின்னதாகத்தான் சொன்னார்.

“அவையள் எரிக்கிறேல்லையாம். புதைக்கிறதும் இல்லையாம். நெருப்பும் மண்ணும் பழுதாப்போகுமாம். உயரமான கோபுரத்திலை வைச்சுக் கழுகுக்குக் குடுக்கிறதாம். அதுவும் ஒரு தருமமாம்.”

மாமாவின் கை சாப்பாட்டுக் கோப்பையிலேயே நின்றது. மெதுவாகத் தலையைத் தூக்கிக் கலண்டரைப் பார்த்தார்.

“அதுக்கோ உது?”

 சின்னம்மா வந்தவருக்கு இன்னொரு துண்டு பாண் எடுத்து வைத்தார்.

மாமா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலமை கலண்டரைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டார். பிறகு கிணற்றடிக்குப் போய்த் தரகருக்குப் போன் எடுத்தார். எங்கள் பிள்ளையைக் கழுகுக்குக் கொடுக்க ஏலாது என்றார். தரகர் அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ தெரியாது. நாங்கள் எல்லாம் கேள்விப்பட்டுவிட்டோம், இனி மறைக்க வேண்டாம் என்று சொல்லி மாமா போனை வைத்தார்.

சின்னம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஒரு பாட்டு. எனக்கோ கழுகு நினைப்புத்தான். எங்கள் ஊரில் கழுகு இல்லை. பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குவதைக் கண்டிருக்கிறேன். அதுவே காணும். சித்தப்பாவை அந்தக் கோபுரத்துக்கு மேலே நினைத்துப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

சின்னம்மா துருவலையை விட்டு எழும்பி வந்து என்னைப் பிடித்தார். சித்தப்பாவுக்கு ஒன்றும் நடக்காது என்றார். நீங்கள்தானே பாரிசில் அப்படி என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நான் அவையள் எண்டுதானே பிள்ளை சொன்னனான். பாரிஸ் எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், சொல்லவில்லை. மாமாதான் அந்தச் சொல்லை எடுக்கவே கூடாது என்றாரே. நல்லாச் சொல்லுக் கேட்கிற சின்னம்மா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பாரிஸ்காரர் வெளிக்கிட்டார். அம்மா மிளகாய்த்தூள் கட்டிக் கொடுத்தார். அவர் எல்லோருக்கும் கைகூப்பினார். மாமா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டோ ஒழுங்கை திரும்பியதும் முதல் வேலையாகக் குப்பைக்கு நெருப்பு வைத்தார்.

அதற்குப் பிறகு கொஞ்சநாள் மாமா கலியாணக் கதையை எடுக்கவில்லை. ஒரு நாள் சந்தையால் வந்தவர், சைக்கிளை நிறுத்த முன்னமே அம்மாவைக் கூப்பிட்டார்.

“கனடாவிலை எரிக்கினமாம். நல்லா விசாரிச்சுப்போட்டன்.”

எனக்குப் பெரிய ஆறுதல். சின்னம்மாவிடம் ஓடினேன். அவர் கலாசாலைக்குக் கொண்டுபோகப் பெட்டியில் சேலை அடுக்கிக்கொண்டிருந்தார். கனடாவில் கழுகு இல்லையாம், எங்களைப் போல எரிக்கிறார்களாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். சின்னம்மா கையில் இருந்த சேலையோடு அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார்.

நான் நல்ல செய்திதானே சொன்னேன். பிறகு ஏன் அவர் முகம் அப்படிப் போனது என்று எனக்கு விளங்கவில்லை.