முனீஸ்வரி ஒட்டிய வளையம்

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறாள் முனீஸ்வரி. வயது முப்பத்தெட்டு. லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் இருளப்பசாமிக்கு இடுப்பு ஒடிந்து, இனி வண்டி ஏற முடியாது என்று ஆனபோது அவள் ஜாக்கியைத் தூக்கினாள். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. லாரி டயரைக் கம்பி போட்டு நெம்பிக் கழற்றுவதில் அந்த ரோட்டில் அவளுக்கு ஈடாக ஆள் கிடையாது. பிறந்தது திருச்சுழிப் பக்கம் ஒரு மானாவாரி ஊரில். கண்மாயில் முழங்காலளவு தண்ணீர் நின்றாலே அங்கே நல்ல வருஷம். நீச்சல் தெரியாது. கடலை இரண்டே தடவை, கரையில் நின்று பார்த்திருக்கிறாள்.

போன மாசியில் அவள் கடைக்கு லோடு ஆட்டோவில் ஒரு ரப்பர் படகு வந்தது. கொண்டுவந்தவர் அருப்புக்கோட்டை செல்வதுரை. கப்பலில் எஞ்சின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடியில் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். காற்றடித்த இந்தச் சின்னப் படகு அதன் பின்னால் கயிற்றில் இழுபட்டுக்கொண்டே வரும். படகு நங்கூரம் போட்டு நின்றால் கரைக்குப் போய்வர அதுதான் வண்டி. அதன் மூக்கின் இரண்டு பக்கமும் இழுவைக் கயிறு மாட்ட ஒவ்வோர் இரும்பு வளையம். வலப்பக்க வளையம், படகோடு அதை ஒட்டியிருந்த அடித்துணியோடு பிய்ந்து போயிருந்தது.

முனீஸ்வரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அவர் கொடுத்த பசையை இரண்டு தடவை பூசி, உருளை வைத்து அழுத்தி ஒட்டினாள். ஒரு நாள் முழுக்கக் காயப்போட்டாள்.

"இந்தப் பக்கம் எப்படி இருக்கு, தாயி?" என்று இடப்பக்க வளையத்தைக் காட்டினார் செல்வதுரை.

கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். வெளியே ஒரு டிப்பர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. "அது கம்பெனி ஒட்டு சார், அசையாது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் செல்வதுரை போன் செய்தார். கூட வரும் கூட்டாளிக்குக் காய்ச்சலாம். தண்ணீரில் இழுத்துப் பார்க்கும்போது ஒட்டு தாங்குகிறதா என்று ஒட்டியவளே வந்து பார்த்தால் நல்லது, கடலில் ஒரு மணி நேரம்தான் என்றார். இருளப்பசாமி போகச் சொன்னான். அவளும் போனாள்.

படகில் ஏறியதுமே செல்வதுரை அவளுக்கு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார். தான் போட்டுக்கொள்ளவில்லை. கரை மெல்லக் கோடாகியது. முனீஸ்வரி ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்னால் துள்ளி வந்த ரப்பர் படகை மட்டுமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழே எவ்வளவு ஆழம் என்று கேட்க வாயெடுத்தாள்; கேட்கவில்லை.

அரை மணியில் காற்று அடங்கிப்போனது. ரப்பர் படகின் பின்புறம் தண்ணீர் வடியவிடும் ஓட்டையின் அடைப்பான் கழன்று, அதற்குள் தண்ணீர் ஏறுவதைச் செல்வதுரை பார்த்தார். கயிற்றை இழுத்துக் கிட்டத்தில் கட்டினார். சுக்கானையும் கட்டிப் போட்டார்.

"ரெண்டு நிமிசம். அடைப்பானைப் போட்டுட்டு வாரேன்."

"நீங்க எறங்குனா நான் மட்டும்ல இருப்பேன் சார்!"

"காத்தே இல்லையே, பயப்படாத" என்றபடி அவர் ரப்பர் படகில் இறங்கினார்.

அடைப்பானைச் சொருகிவிட்டுத் தண்ணீரை இறைக்கும்போதுதான் காற்று வந்தது. பாய் படீரென்று புடைத்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து பாய்ந்ததில், கிட்டத்தில் கட்டியிருந்த கயிறு நழுவி முழு நீளத்துக்கும் ஓடியது. அது விண்ணென்று இறுகியபோது துணி கிழிவது போல ஒரு சத்தம். இடப்பக்க வளையம் பிய்ந்து போய்விட்டது. அசையாது என்று அவள் சொன்ன வளையம்.

ரப்பர் படகு ஒருக்களித்துத் திரும்பி, ஒற்றை வளையத்தில் தொங்கிக்கொண்டு அலையை மொண்டு வந்தது. செல்வதுரை குப்புறப் படுத்து அதன் விளிம்பைப் பிடித்திருந்தார். தான் ஒட்டிய ஒட்டின் ஓரம் மேலெழும்புவதை முனீஸ்வரி பார்த்தாள். டயரில் எத்தனை பார்த்திருக்கிறாள். ஓரம் தூக்கினால் பிறகு நேரமாகாது.

"பாய்க் கயிற அவுத்து விடு!"

"எது சார்? எல்லாம் கயிறா இருக்கே!"

"செவப்புக் கோடு போட்டது!"

தவழ்ந்து போய்த் தேடினாள். கண்ணில் உப்புத் தண்ணீர். சிவப்புக் கோடு போட்ட கயிறு, கயிறு சுற்றிக் கட்டும் இரும்பு முளையில் இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்தது. ஒரு சுற்றுக் கழன்றதுமே மீதி அவள் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு ஓடியது. பாய் இடி இடிப்பது போல அடித்துக்கொண்டது. படகின் வேகம் செத்தது.

இழுவைக் கயிற்றை இழுத்தாள்; அசையவில்லை. ரோட்டில் பழுதான லாரியைக் கட்டி இழுக்கும்போது, கயிறு வெடுக்கென்று விறைக்கிற நேரத்தில்தான் அறும் என்று அவளுக்குத் தெரியும். அலை தூக்கிக் கயிறு தொய்கிற நேரம் மட்டும் ஒரு முழம் இழுத்து முளையில் சுற்றினாள். விறைத்தால் விட்டாள். தொய்ந்தால் இழுத்தாள். "முனியாண்டி, முனியாண்டி" என்று வாய் முனகிக்கொண்டே இருந்தது. ஒட்டின் ஓரம் இரண்டு விரல்கடை தூக்கியிருந்தபோது செல்வதுரையின் கை பாய்மரப் படகின் ஏணிக் கம்பியைப் பிடித்தது.

மேலே வந்து விழுந்தவர் இருமித் தண்ணீரைத் துப்பினார். பிறகு, "ஒன் ஒட்டுத்தான் தாயி என்னைக் காப்பாத்துச்சு" என்றார்.

முனீஸ்வரிக்கு அழுகை வந்தது. "இல்ல சார். இன்னொன்னை நான் சரியாப் பாக்கல. டிப்பர்க்காரன் நின்னான்னு சும்மா சொல்லிட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். "நானும் மிதவைச் சட்டையைப் போடாம எறங்குனேன்" என்று மட்டும் சொல்லி எழுந்துபோய்ச் சுக்கானைப் பிடித்தார். பாயை இழுத்துக் கட்டிப் படகைக் கரைக்குத் திருப்பினார்.

உள்ளங்கைப் புண் ஆற மூன்று வாரம் ஆனது. அதுவரை இருளப்பசாமிதான் உட்கார்ந்த இடத்தில் இருந்தபடி பஞ்சர் பார்த்தான். செல்வதுரை இப்போது ரப்பர் படகைக் காற்றிறக்கிச் சுருட்டி மேல்தளத்தில் கட்டிக்கொண்டுதான் போகிறாராம். பாதி ராத்திரி அல்ல, பட்டப்பகலில், டயரில் காற்று ஏறும்போது சில நாள் முனீஸ்வரிக்குத் தரை சாய்வது போலிருக்கும். அப்போது தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

"இருங்கண்ணே, பாத்துட்டுத்தான் விடுவேன்" என்பாள். எல்லா டயரையும் சுற்றி வந்து, ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்த பிறகே வண்டியை நகர விடுவாள்.