பிஸ்கட் பக்கெட்டின் பின்பக்கம்

வெள்ளவத்தைக் கடையில் அந்த அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதென்றாலே எனக்கு எரிச்சல். காசு கட்டுமுன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பிஸ்கட் பக்கெட்டின் பின்பக்கத்தையும் மூக்கோடு ஒட்டி வாசிப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“போன கிழமையும் இதைத்தானே வாசிச்சனீங்கள்?”

“ஓம் தம்பி. பக்கெட் அதேதான், உள்ளுக்குப் போடுறதை மாத்திப்போடுவாங்கள். பாலில இருக்கிற சீனியை மாத்துற நொதியம் என்ர மகளுக்குப் பிறவியிலயே இல்லை. பால்மா சேர்ந்தால் ஈரல் பழுதாப்போகும்.”

“அந்த நொதியத்தை மருந்தாக் குடுக்கேலாதோ?”

“ஏலாது. அதுதான் அதின்ர வேலையை நான் பாக்கிறன்.”

என் கையிலிருந்த பக்கெட்டை நானும் திருப்பினேன். பொடி எழுத்து. மூன்றாவது வரியில் விட்டுவிட்டேன். அவர் அடுத்ததை எடுத்தார்.