கட்டை விரலுக்குக் கீழே ஒரு சுரம்

காது மந்தமானபோது முதலில் தொலைந்தவை மெய்யெழுத்துகள். உயிரெழுத்துகள் மட்டும் மிஞ்சின. "சாப்பிட்டியா" என்று யாராவது கேட்டால் எனக்கு "ஆ, இ, இ, ஆ" என்றுதான் விழும். மிச்சத்தை நானே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அப்போது எனக்கு நாற்பது வயது. திருப்பத்தூரிலிருந்து வேலைக்காக பெங்களூர் வந்தவள். ஜீவனஹள்ளியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். ஒரு கம்பெனியின் கஸ்டமர் சப்போர்ட் பிரிவில், போனில் பேசுவதுதான் வேலை. வாடிக்கையாளர்களிடம் திரும்பத் திரும்ப "மறுபடி சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்ததும் மேலாளர் என்னை டாக்டரிடம் போகச் சொன்னார். மேல்தொனிச் சத்தங்களைக் கேட்கும் நரம்பு போய்விட்டது, கீழ்தொனி அப்படியே இருக்கிறது என்றார் டாக்டர். காதுக்கருவி கொடுத்தார். அதை மாட்டினால் பாத்திரம் வைக்கும் சத்தம் கண்ணாடி உடைவதுபோல் வந்தது. பேச்சு மட்டும் தெளியவில்லை.

என்னை மெயிலுக்குப் பதில் எழுதும் குழுவுக்கு மாற்றினார்கள். நல்ல மனிதர்கள்தான். மதியச் சாப்பாட்டில் எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பே அலுப்பாகி, டப்பாவை என் மேஜையிலேயே திறக்கத் தொடங்கினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். அவள் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஏதோ நீளமாகச் சொன்னாள். "ரொம்ப நல்லதும்மா" என்றேன். பிறகு லைன் கட்டானது. சற்று நேரத்தில் தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தது. பெரிய அத்தை இறந்துவிட்டாள், அதைத்தான் அம்மா சொன்னாளாம். அன்றைக்குப் பிறகு அம்மா எனக்குப் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டாள். கோபத்தால் அல்ல. என்னைச் சிரமப்படுத்தக் கூடாதென்று நினைத்தாள். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அந்தச் சமயத்தில் அலுவலகத் தோழி ஒருத்தியின் நிச்சயதார்த்தம் விவேக் நகரில் ஒரு சிறிய ஹாலில் நடந்தது. கூட்டத்தில் பேச்சுக்குத் தப்பித்து ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்னால் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி இருந்தது, அதில் முதுகைச் சாய்த்தேன். பாட்டு தொடங்கியது. பாடியவர் குரல் எனக்குக் கசங்கிய காகிதம் போலத்தான் இருந்தது. ஆனால் முதுகு வழியாக வேறொன்று ஏறி வந்தது. ஆழமாக, உருண்டையாக, ஒரு மூலையும் உடையாமல். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு சத்தம் எனக்கு முழுசாகக் கேட்டது. மேடையில் நாலு தடித்த தந்திகள் உள்ள கிட்டாரை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் விரல் அசைவதும் என் முதுகில் அதிர்வதும் ஒன்றாக இருந்தன.

நிகழ்ச்சி முடிந்து வாத்தியங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, டிரம்ஸ் வாசித்த பெண்ணிடம் போய், அந்தக் கிட்டாருக்கு என்ன பேர் என்று கேட்டேன். அவள் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பேஸ் கிட்டார், அதிலும் இது ஜாஸ் பேஸ் என்கிற வகை என்று எழுதிக் காட்டினாள். வாசிப்பவர் அடுத்த மாதம் துபாய்க்கு வேலைக்குப் போகிறாராம். ஞாயிறு மதியங்களில் அவள் வீட்டு மாடியில் நாலைந்து பேர் கூடி ஜாஸ் வாசிப்பார்களாம். நான் என் காதைப் பற்றிச் சொன்னேன். அவள் என் முகத்துக்கு நேரே நின்று, மெதுவாகச் சொன்னாள்: "பரவால்ல அக்கா. பேஸுக்கு முதல்ல ரெண்டு சுரம் போதும். வாங்க, சும்மா வாங்க."

அப்படித்தான் ஒரு பழைய ஜாஸ் பேஸ் என் வீட்டுக்கு வந்தது. டீச்சர் சொல்லித் தந்த முதல் பாடம் ஒன்றாம் சுரமும் ஐந்தாம் சுரமும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் ச, ப என்பார்கள். ஒரு தந்தியில் விரலை வைத்தால், அதே கட்டத்தில் அதற்கு மேலே இருக்கும் தடித்த தந்தியில் ஐந்தாம் சுரம் தாழ்ந்து நிற்கும். நாலு எண்ணினால், ஒன்றில் முதல் சுரம், மூன்றில் ஐந்தாம் சுரம். அவ்வளவுதான். சனிக்கிழமை காலைகளில் கட்டிலில் உட்கார்ந்து, கிட்டாரின் உடல் என் விலா எலும்பில் படும்படி அணைத்துக்கொண்டு அதையே வாசிப்பேன். காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிடுவேன். விரல் நுனி கொப்பளித்தது, பிறகு காய்த்தது. பல வாரங்களில் என்னுடன் முழுசாகப் பேசியது அந்த இரண்டு சுரங்கள்தான்.

ஞாயிறுகளில் விவேக் நகர் போனேன். கீபோர்டு வாசிப்பவர் சொல்வது எனக்குப் பிடிபடாது. ஆகவே டீச்சரின் வலது காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெரிய டிரம்மின் பெடலை அது மிதிக்கும்போது நான் தந்தியை இழுப்பேன்.

ஒருநாள் ஒரு பாட்டின் நடுவில் கண்ணை மூடிவிட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு. கண்ணைத் திறந்தபோது கீபோர்டுக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதோ எல்லாரும் நிறுத்திவிட்டிருந்தார்கள். நான் மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். முகம் சுட்டது. அதிர்வை நிறுத்தத் தந்தியின் மேல் உள்ளங்கையை வைக்கப் போனேன். டீச்சர் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவள் கால் பெடலுக்குப் போயிற்று. என் முதல் சுரத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். சற்று நேரம் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் வாசித்தோம். முடித்ததும், "சக்கத்தா இருந்துச்சு அக்கா. நாங்க நின்னாலும் உங்க தாளம் ஆடல" என்றாள். சக்கத்தா என்றால் பெங்களூர்ப் பேச்சில் அபாரம். அவள் உதடுகளிலிருந்து ஒரு சொல்லையும் நான் விடவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு சின்ன விருந்தில் வாசித்தோம். முழுவதும் இரண்டு சுரங்களுக்கு மேல் நான் போகவில்லை. யாரும் என்னைக் கவனிக்கவுமில்லை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

அடுத்த கோடையில் டீச்சரின் கணவருக்கு ஓசூர் போகும் வழியில் அத்திபெலே பக்கம் வேலை மாறியது. மாடி அறையை வாடகைக்கு விட்டார்கள். கீபோர்டுக்காரர் வேறு குழுவில் சேர்ந்துகொண்டார். நான் ஒருமுறை பஸ் பிடித்து அத்திபெலே போனேன். டீச்சருக்குக் குழந்தை பிறந்திருந்தது. டிரம்ஸை ஒரு மூலையில் போர்வை போட்டு மூடி, அதன் மேல் மடித்த துணிகளை அடுக்கியிருந்தாள். குழந்தை தூங்குவதால் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பில் உயிரெழுத்துகூட எனக்கு வராது. அவள் அதை மறந்துபோயிருந்தாள், நானும் ஞாபகப்படுத்தவில்லை. காப்பி குடித்தோம். கிளம்பும்போது என் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்து, இன்னும் காய்ப்பு இருக்கிறதே என்பதுபோல் தலையசைத்தாள்.

சனிக்கிழமைகளில் இன்னும் வாசிக்கிறேன். போனில் ஒரு சிறிய வெளிச்சம் தாளத்துக்கு மின்னி மின்னி அணையும். அதைப் பார்த்து எண்ணுகிறேன். முதல் சுரத்தை சி என்ற சுரத்திலிருந்து எஃபுக்கு மாற்றித் தடுக்காமல் போக இப்போது வருகிறது. அங்கிருந்து ஜிக்குப் போகும்போது விரல் இன்னும் தயங்குகிறது.