காற்று போகிற பக்கம்

சாம்பிராணிப் பொடி சலிக்க உட்காருவதற்கு முன் எத்திராஜ் ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி விடுவார். பொடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கமாகப் பலகையை இழுத்துப் போட்டுக்கொள்வார். பார்க்காமல் உட்கார்ந்தால் அரைநாள் உழைப்பு மூக்குக்குள் போய்விடும். "காத்துக்கு மூஞ்சிய காட்டினா மொளகா தூவனாப்பல ஆய்டும் சார்" என்பார்.

திருப்பதிப் பக்கம் புத்தூரில் ரயில்வே கேட் தாண்டிய சந்தில் வீடு. சாம்பிராணிக் கட்டியையும் குங்கிலியத்தையும் வெயில் ஏறுவதற்குள் இரும்பு உரலில் இடித்துவிட வேண்டும். சூடு பட்டால் பிசின் இளகி உலக்கையைப் பிடித்துக்கொள்ளும். மிக்சியில் போட்டால் கேட்கவே வேண்டாம். வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு, கிராம்பு, ஏலத்தோல் எல்லாம் மாடியில் மொறுமொறுவென்று காய வேண்டும். "ஈரம் இருந்தா பொகை அழுவும். காஞ்சிருந்தா சிரிச்சிக்கினு போவும்." புகைக்கு இத்தனை குணம் சொல்கிறவர் தன்னைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்.

ஒல்லியான ஆள். நகக்கண்ணெல்லாம் பிசின் மஞ்சள். யாரிடம் பேசினாலும் நான்கடி தள்ளியே நிற்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஒரு காலத்தில் தோளில் கைபோட்டுப் பேசி, கடைக்காரர்களின் டீயைப் பிடுங்கிக் குடித்த மனிதர்தான்.

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது தெருவில் சாவு விழாத வாரமில்லை. சொந்தக்காரர்களே வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போன நாட்கள் அவை. எத்திராஜ் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, தூபக்காலில் கங்கு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். தன் பொடியை அள்ளிப் போட்டுப் புகை காட்டினார். பாடைக்கு முன்னால் நடப்பதற்கு ஆளில்லாத வீடுகளில் அவரே நடந்தார். யாரிடமும் காசு வாங்கவில்லை. ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

கும்பிட்ட ஊர் அப்புறம் அவருடைய பொடியை வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து ஒரு சிட்டிகை போட்டால் போதும், சாவு வீடு கண்முன் வந்து நிற்கிறது. மளிகைக்கடை கிஷோர் பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "வத்து, வேணாம் எத்திராஜண்ணா. இத பத்த வச்சா எங்கம்மா படுத்துக்கினு இருந்த கோலமே தெரியுது." எத்திராஜ் கிழங்கு சேர்ப்பதை நிறுத்திப் பார்த்தார், ரோஜா இதழ் சேர்த்துப் பார்த்தார். முகர்ந்தவர்கள் முகம் மாறியது மாறியதுதான். இப்போது பொடியெல்லாம் திருப்பதிக்குப் போகிறது. ரயிலடியில் இறங்கும் வெளியூர்க்காரர்களுக்கு அது பூசை வாசனை. ஆசையாக வாங்கிப் போகிறார்கள். பிழைப்புக்குக் குறைவில்லை.

வாசனை பொட்டலத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது ஆளின் மேலேயே ஏறிவிட்டது.

அப்பா அம்மா போனபின் தங்கை ஸ்வர்ணலதாவை வளர்த்தவர் அவர்தான். அவளுக்கு முடித்துவிட்டுத் தன் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்றிருந்தார். பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அவளுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தது ஹர்ஷினி. நாராயணவனத்தில் காது குத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மடி என்று எத்திராஜுக்கு இந்த உலகத்தில் வாய்த்திருந்த உரிமை அது ஒன்றுதான்.

ஒரு மாதம் முன்பே உரலைக் கவிழ்த்துவிட்டார். எலுமிச்சை, சீயக்காய், புளி என்று தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். புதுச்சட்டையை வீட்டுக்கே கொண்டுவராமல் தையற்காரர் அண்ணாதுரையின் கடையிலேயே மாட்டிவைத்திருந்தார். காது குத்து அன்று காலையில் அங்கே போய் மாற்றிக்கொண்டு, "மோந்து பாத்து சொல்லுப்பா. எனக்குத் தெரியல" என்று கையை நீட்டினார். அண்ணாதுரை முகர்ந்தார். "ஒண்ணும் இல்லண்ணே" என்று பொய் சொன்னார்.

கோயிலுக்கு எதிரே புங்க மரத்தடியில் பாய் விரித்திருந்தது. கம்மல், பாவாடை, பழத்தட்டு எல்லாவற்றையும் வைத்துவிட்டு எத்திராஜ் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஸ்வர்ணலதா குழந்தையைக் கொண்டுவந்தாள். பக்கத்தில் நின்ற அவளுடைய மாமியார் ரத்தினம்மா திடீரென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவருடைய கணவரின் பாடைக்கு முன்னால் தூபக்காலோடு நடந்தவர் எத்திராஜ்தான்.

"தப்பா நென்சிக்காத தம்பி. உன்ன ஒண்ணும் சொல்லல. எனக்கு அவுர தூக்கிக்கினு போற மாரியே இருக்குது..." அழுதுவிட்டார்.

ஸ்வர்ணலதா குழந்தையை இறக்கவுமில்லை, விலக்கவுமில்லை. அண்ணன் முகத்தையே பார்த்தாள். ஹர்ஷினி மட்டும் மாமனின் புதுச்சட்டைப் பொத்தானை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

எத்திராஜ் மெல்ல எழுந்தார். பெரியப்பா மகன் அருள்குமார், ஸ்ரீசிட்டி கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்தவன், ஓரமாக நின்றிருந்தான். "அருளு, நீ வந்து குந்து. எனக்கு முட்டி புடிச்சிக்கினு கீது."

"அண்ணா..." என்றாள் ஸ்வர்ணலதா.

"நேரம் ஆவுது, குத்தச் சொல்லு. பாப்பா ஒண்ணும் துன்னாம கீது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளிப் போய்த் தரையில் குந்தினார். அங்கிருந்து பாவாடையின் சிவப்பு மட்டும் தெரிந்தது. ஆசாரி கம்பியை எடுத்தார். எத்திராஜ் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி விட்டார். மண் குழந்தை இருந்த பக்கமாகச் சாய்ந்தது. எழுந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.