மைனி வாசித்த கிறிஸ்துமஸ்

அச்சப்பம் சுடும் இரும்பு அச்சைத் துணியில் சுற்றி அம்மா பரணில் ஏற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது. டிசம்பர் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. எங்கள் ஊரான பாறசாலையைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போன அண்ணன் திருவனந்தபுரத்தில் சிறையில் இருந்தான். “பிள்ள அங்க கிடக்கச்சில இஞ்ச என்ன பலகாரம்” என்றாள் அம்மா. அப்பா மறுக்கவில்லை. வாசலில் நட்சத்திரமும் கட்டுவதில்லை என்று முடிவாயிற்று.

அண்ணன் மனைவியான என் மைனி எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு மாதந்தான் ஆகியிருந்தது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரி. தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். சிறையிலிருந்து வந்த முதல் இரண்டு கடிதங்களை ஆறாம் வகுப்பில் இருந்த நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு ஒருநாள், “எனக்கு எழுத்து சொல்லித் தா மக்கா. அவிய எனக்கு எழுதினத நானாக்கும் வாசிக்கணும்” என்றாள். அடுப்படித் தரையில் கரித்துண்டால் எழுதியெழுதி ஒரே மாதத்தில் எழுத்துக்கூட்டப் பழகிவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலையில் அவளை அழைத்துப்போக அவள் அப்பா வந்தார். எல்லை மாறக் கூடாது என்ற கட்சி அவர். அண்ணன் சிறைக்குப் போன நாள் முதல் அவரும் என் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. முற்றத்தில் நின்றபடியே, “வா மகளே, மாப்பிள்ள வந்த பெறவு திரும்பலாம்” என்றார்.

“பேர் எழுதணும்னு அரசாங்கம் சொன்னப்ப மரியாள் தாய்வீட்டுக்கா போனா? அலைஞ்ச இடத்துலயாக்கும் பிள்ள பெத்தா. அவிய வாற வரைக்கும் நான் இஞ்ச உண்டு” என்றாள் மைனி. “நாளைக்கு நீங்களும் அம்மையும் இஞ்ச வாருங்க. சோறு இஞ்சதான்.”

அவர் போனதும் அம்மாவிடம் திரும்பினாள். “மாமி, ஏசு பெறந்த தொழுவத்துல ஒண்ணும் இல்ல. ஆனாலும் வந்தவங்கள வெளியே நிப்பாட்டல்ல. அச்ச எறக்குவோம்.” அம்மா ஏணியை எடுத்தாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் இயேசு பிறந்த பகுதியை மூத்த மகன் வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா வேதபுத்தகத்தைத் திறந்தார், குரல் வரவில்லை. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். மைனி புத்தகத்தை மெல்ல வாங்கிக்கொண்டாள். மருமகள் வாசிப்பதென்பது எங்கள் வீட்டில் அதுவரை இல்லாதது. எழுத்தெழுத்தாகத்தான் வாசித்தாள். அவரவர் தம் ஊருக்குப் போய்ப் பேர் பதிய வேண்டும் என்ற இடத்தில் ஒரு சொல் தட்டிற்று. அந்தப் பகுதி மனப்பாடமாயிருந்த அவள் அப்பா அதை மலையாளத்தில் முணுமுணுத்தார். அவள் தமிழில் கண்டுபிடித்து வாசித்தாள். அப்படியே இன்னும் நாலைந்து இடங்கள். முடிந்ததும் என் அப்பா பாயில் சற்று நகர்ந்து, “சம்பந்தி, இப்படி இருங்க” என்றார்.

கடைசியில் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று அந்தச் சம்பந்தி வெற்றி பேச வரவில்லை. எப்போதும்போல ஒரு குலை பழத்தோடு வந்து, அப்பாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துவிட்டுப் போனார். இப்போது மைனி இல்லை. அவள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மலையாளத்தில்தான் வாசிப்பு. வாசிக்கிறவள் மட்டும் எப்போதும் அந்த வீட்டு மருமகள். அந்தப் புது வழக்கம் நிலைத்தது அண்ணன் விடுதலையாகி வந்த அடுத்த கிறிஸ்துமஸில். பழைய வழக்கப்படி அவன் புத்தகத்துக்குக் கை நீட்டியபோது அப்பா தடுத்தார்.

“அவ வாசிக்கட்டு” என்றார். அண்ணன் கையை மடக்கிக்கொண்டு கேட்க உட்கார்ந்தான்.