கூலிங் அத்தானும் முழு வேக விசிறிகளும்

என் அக்கா புருஷனுக்கு ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் வேலை. தெருவில் அவருக்குப் பேரே 'கூலிங்'தான். உலகத்தில் எது கெட்டாலும் காரணம் சூடு என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டில் கல்யாணப் பேச்சு முறிந்தபோதுகூட, "அந்த ரூம்ல காத்தோட்டமே இல்ல, அதான்" என்றார்.

அக்கா பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்பவள். பழைய கணினி சூட்டில் கருகி, பதிவு செய்து வைத்திருந்ததெல்லாம் போனது. அதை மூடிய அலமாரிக்குள் வைத்தவர் அத்தான். அன்றிலிருந்து மனிதர் சூடு கண்ட பூனை. பாகம் பாகமாக வாங்கிப் புதிதாக ஒன்றைத் தானே பூட்டினார். பூட்டிய கையோடு பயாஸுக்குள் போனார். கணினி முழுசாக விழிப்பதற்கு முன்பே அதன் குணத்தை மாற்றுகிற இடம் அது. அங்கே பெட்டிக்குள் இருக்கும் எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் வைத்தார். சுவிட்சைப் போட்டால் மாவு மில்லுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

புது கம்பெனிக்கு அக்கா அனுப்பிய மாதிரிப் பதிவு திரும்பி வந்தது. பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிறதாம். சாயங்காலத்துக்குள் சுத்தமாக ஒன்று அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

"விசிறியைக் கொஞ்சம் குறைங்க," என்றாள் அக்கா.

"குறைச்சா சூடாகும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "நீ வேணா போர்வைக்குள்ள உக்காந்து படிச்சுப் பாரேன்," என்று யோசனை வேறு.

"மெஷின் வேகக் கூடாது, நான் வெந்தா பரவாயில்லையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "பழைய பாடமெல்லாம் போனப்ப அக்கா உங்கள ஒரு வார்த்தை சொன்னாளா அத்தான்?"

"சொல்லல. அதான் பயமா இருக்கு," என்றார்.

இப்படிச் சொன்னால் யார்தான் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது? எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தான் தானாகவே எழுந்து கணினியை அணைத்து மறுபடி போட்டார், டெலீட் விசையைத் தட்டித் தட்டி பயாஸுக்குள் போனார், விசிறி விசிறியாக வேகத்தைக் குறைத்தார். பெண்ணைப் புகுந்த வீட்டில் விட்டுவிட்டு வருகிற முகம்.

"நான் பக்கத்துலயே இருப்பேன்," என்றார்.

"இருங்க. வாயை மட்டும் திறக்கக் கூடாது."

அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. காய்ச்சல் பார்க்கிற மாதிரிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, திரையின் ஓரத்தில் தெரிந்த சூட்டு அளவை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பாடம் முழுவதையும் வாசித்து முடித்தாள். சூடு ஏறியதாகவே தெரியவில்லை.

அன்றைக்கே பதில் வந்தது. "குரல் ரொம்ப நல்லா இருக்கு, வேலையை ஆரம்பிச்சிடுங்க. கடைசி வரிக்கு அப்புறம் யாரோ ஒரு ஆம்பளை பெருமூச்சு விடறார். அதை மட்டும் வெட்டிடுங்க."

அக்கா வெட்டினாள். வெட்டிய துண்டை அழிக்காமல் தனியாகச் சேமித்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"அந்த மனுஷன் எனக்காக இவ்வளவு நேரம் வாயை மூடிட்டு இருந்திருக்கார். நாளைக்குச் சொன்னா யார் நம்புவா?"