சைரன் ஊதிய மூன்றாவது மேட்ச்

முதல் சுற்றைத் தாண்டினால் ஆறு பேரையும் நிரந்தரம் செய்துவிடுவதாகப் பர்சனல் மேனேஜர் சொன்னது கேன்டீனில், எல்லார் முன்னாலும், பாதி வடையை வாயில் வைத்துக்கொண்டு. எழுத்தில் எதுவும் கிடையாது. ஆனாலும் நம்பினோம். தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவரே சொல்லிவிட்டுத்தான் காபியை எடுத்தார். பெண்கள் கூடைப்பந்து டீமைக் கலைத்துவிடுவார்கள். காண்ட்ராக்டில் இருக்கும் ஆறு பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த ஆறு பேரில் நான் ஒருத்தி. ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். பந்து ஆடுவதற்காக ஒரு கம்பெனியில் வேலை தருகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னபோது, நெல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் முதுகிலிருந்த டேங்கை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "பந்தாட்றதுக்கு வேலையா? யார்மா அந்த ஏமாளி?" என்றார். அந்த ஏமாளி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்யும் ஒரு கம்பெனி. பகலில் ஸ்டோர்சில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுப்பேன். காலையிலும் மாலையிலும் பந்து. செல்போன் இன்னும் சூப்பர்வைசர்களின் இடுப்பு பெல்ட்டில் மட்டுமே தொங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை.

எங்களைப் போலவே சம்பளம் கொடுத்துப் பெண்கள் டீம் வைத்திருந்த கம்பெனிகளும் பேங்குகளும் சேர்ந்து நடத்திய போட்டி அது. முதல் சுற்றில் ஒரே எதிரியோடு மூன்று மேட்ச். அதில் இரண்டை ஜெயிப்பவர்கள் மேலே போவார்கள். எங்களுக்கு வந்து வாய்த்தது சென்னையின் ஒரு பேங்க் டீம். அதில் ஒரு நெட்டைக்காரி இருந்தாள். கையைத் தூக்கினால் வளையத்தில் துணி காயப்போடலாம். அவர்கள் எல்லாரும் நிரந்தர உத்தியோகஸ்தர்கள். தோற்றால் ஏசி ரூமுக்குப் போய் சீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மைதானம் கேன்டீனுக்குப் பின்னால் இருந்தது. சிமென்ட் தரை. ராத்திரி முழுக்க உலையிலிருந்து வந்து படியும் இரும்புத் தூசியைக் காலையில் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் பந்தையே தொடுவோம். அப்படியும் உள்ளங்கை கறுத்துவிடும். எட்டு மணிக்குச் சைரன் ஊதும்வரை பயிற்சி. சைரன் ஊதி முடிவதற்குள் டைம் ஆபீசில் கார்டு பஞ்ச் ஆகவில்லையென்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். விளையாட்டுக்காரிகள் என்று எங்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அதனால் சைரன் கேட்டதும் பந்தைத் தரையில் வைத்துவிட்டு ஓடுவோம். எறிந்த பந்து வளையத்தில் விழுந்ததா என்று பார்க்கக்கூட ஒருத்தியும் நிற்க மாட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே சைரன் ஊதி டூட்டி முடிந்த பிறகுதான் மறுபடியும் பந்து பக்கம் வருவோம்.

எங்கள் டீமில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் எடுத்துப் போகிறவள் பழவேற்காட்டுப் பெண் ஒருத்தி. அவளும் காண்ட்ராக்ட்தான். நானும் அவளும் ரெட்டம்பேடு ரோட்டில் ஒரே அறையில் இருந்தோம். அவளுடைய வாப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். ஆள் சின்னவள், என் தோள் உயரம்கூட வரமாட்டாள். ஆனால் பந்து அவள் கைக்குப் போய்விட்டால் எடுக்க முடியாது. தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டு மூன்று பேருக்கு நடுவில் புகுந்து வெளியே வந்துவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் தாமதமாகிச் சம்பளம் பிடித்துவிட்டார்கள். அன்று முழுக்க அழுதாள். அதற்குப் பிறகு சைரனுக்கு முதலில் ஓடுகிறவள் அவள்தான். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவள். என்னை அக்கா என்பாள். நான் கத்துவதை எல்லாம் வாங்கிக்கொண்டு, நான் ஓய்ந்த பிறகு, "முடிச்சிட்டியாக்கா? சாப்பிடலாமா?" என்று கேட்பாள்.

முதல் மேட்ச் சென்னையில். தோற்றோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நெட்டைக்காரி எங்களைத் துவைத்துப் பிழிந்துவிட்டாள். திரும்பி வரும் ரயில் எண்ணூர் தாண்டும்போது கோச், "அடுத்த ரெண்டும் நம்ம ஊர்லதான்," என்று பொதுவாகச் சொன்னார். அவருக்கும் வேலை இந்த டீமை நம்பித்தான்.

இரண்டாவது மேட்ச் எங்கள் சிமென்ட் தரையில் நடந்தது. மதியம் மூன்று மணி வெயிலில் பேங்க்காரிகளுக்கு நாக்கு தள்ளிவிட்டது. தரை கொதிக்கிறது என்று நடுவர்களிடம் புகார் சொன்னார்கள். எங்களுக்கு அது பழகிய தரை. ஜெயித்தோம். வேலை முடிந்துபோன முதல் ஷிப்ட் ஆட்கள் வீட்டுக்குப் போகாமல் நின்று விசிலடித்தார்கள். அறைக்குத் திரும்பியதும், நிரந்தரமானால் முதலில் என்ன வாங்குவது என்று நானும் பழவேற்காட்டுக்காரியும் பேச ஆரம்பித்துவிட்டோம். அவளுக்குக் கட்டில் வேண்டும். எனக்குத் தையல் மிஷின், அம்மாவுக்காக.

மூன்றாவது மேட்ச் அன்று மதியம் மழை கொட்டியது. வானத்தைப் பார்த்துக்கொண்டு கேன்டீன் வாசலிலேயே நின்றேன். தள்ளிப்போட்டால் சென்னையில் வைத்துக்கொள்வோம் என்று பேங்க் டீமின் மேனேஜர் பேச ஆரம்பித்திருந்தார். மழை விட்டதும் முதல் ஷிப்ட் ஆட்கள் கோணிப்பையும் மிஷின் துடைக்கும் பஞ்சு வேஸ்டுமாக இறங்கிவிட்டார்கள். தரையைக் குனிந்து ஒற்றி எடுத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் செய்து கொடுத்தார்கள். பர்சனல் மேனேஜர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவரே வந்துவிட்டதால், ஐந்து மணிவரை டூட்டி இருந்த ஜெனரல் ஷிப்ட் ஆட்களும் துணிந்து வந்து நின்றார்கள். அப்படியே ரயிலுக்குப் போய்விடலாம் என்று டிபன் கேரியர் பையைக் காலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மேட்ச் தாமதமாகத் தொடங்கினால் ஐந்து மணிக்கும் நடந்துகொண்டிருக்கும் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பாதி ஆட்டம்வரை பின்தங்கியிருந்தோம். நெட்டைக்காரியைத் தடுப்பது என் பொறுப்பு. அவள் முழங்கை என் விலாவில் எத்தனை முறை இறங்கியது என்று கணக்கில்லை. நடுவர் கண்ணுக்கு அது தெரியவில்லை, நான் பதிலுக்குத் தள்ளியது மட்டும் நன்றாகத் தெரிந்தது. இன்னும் ஒரு ஃபவுல் செய்தால் என்னை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள் என்ற நிலை. கோச் என் ஜெர்சியைப் பிடித்து இழுத்து, "உன் கோவத்த ஊட்ல போய் காட்டு. இங்க கைய கட்டிக்கினு ஆடு," என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினோம். கடைசியில் எங்கள் சின்னவள் கோட்டுக்கு வெளியே நின்று தூக்கிப் போட்ட பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி உள்ளே விழுந்தது. நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால்.

நேரம் முடியப்போகிறது. நெட்டைக்காரி போட்ட பந்து பலகையில் பட்டுத் திரும்பியது. எகிறி அதை நான் பிடித்தேன். பிடித்த வேகத்திலேயே சின்னவளிடம் கொடுத்தேன். இனி ஒன்றும் செய்ய வேண்டாம். பந்தை வைத்துக்கொண்டு சில நொடிகள் சுற்றிக்கொண்டிருந்தால் போதும், ஆறு பேருக்கும் வேலை. "தட்டிக்கினே இரு! யாருக்கும் குடுக்காத!" என்று கோச் கத்தினார். அவளும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு பேங்க்காரிகள் துரத்த, அவர்களை ஏமாற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தாள்.

அப்போது சைரன் ஊதியது.

அவள் பந்தைத் தவறவிடவில்லை. குனிந்து, உருண்டு போகாதபடி தரையில் வைத்தாள். தினமும் காலையில் எப்படி வைப்பாளோ அப்படி. வைத்துவிட்டு டைம் ஆபீஸ் பக்கம் திரும்பி ஓட ஆரம்பித்தாள். நான் கத்தினேன். சைரன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு மூன்று அடி போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பினாள். அதற்குள் நெட்டைக்காரி பந்தை எடுத்துவிட்டாள். அவளுக்கு அது வெறும் சத்தம். நான் துரத்திக்கொண்டு ஓடினேன். அந்தக் கால்களுக்கு என் கால்கள் எந்த மூலைக்கு? அவள் நின்று நிதானமாகப் பந்தை வளையத்துக்குள் போட்டாள். நடுவர் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டம் முடிந்தது என்று காட்டும்போது சைரன் இன்னும் ஊதிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு பாயிண்டில் தோற்றோம்.

நான் நேராக அவளிடம் போனேன். அடித்திருப்பேன், உண்மையாகவே அடித்திருப்பேன். கோச் குறுக்கே வந்து நின்றார். "இன்னாடி பண்ண? இன்னாடி பண்ணி வெச்ச? ஆறு பேர் பொழப்பு உன் கைல இருந்திச்சேடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரிலக்கா. சைரன் ஊதுச்சிக்கா," என்றாள்.

கூட்டத்தில் ஒருத்தரும் அவளைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "நீங்க ஏன் வாய மூடிக்கினு நிக்கிறீங்க? கேளுங்க இவள!" என்று அவர்களையும் பார்த்துக் கத்தினேன். உலையில் வேலை செய்யும் ஒருத்தர் முன்னால் வந்தார். தெலுங்குப் பக்கத்துக்காரர். கையில் டிபன் கேரியர் பை.

"உடும்மா. அந்தப் பொண்ண இன்னாத்துக்கு திட்டிக்கினு கீற? சைரன் ஊதுனதும் நாங்களே பைய தூக்கினு கேட்டு பக்கம் திரும்பிட்டோம். கடசி பந்து உள்ள போனத நான் பாக்கவே இல்ல," என்றார்.

சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். எல்லார் கையிலும் பை இருந்தது. பாதிப் பேர் கேட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். காலையிலிருந்து எங்களுக்காகத் தவித்தவர்கள் அவர்கள். கேன்டீன் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் ஆறு பேரையும் பர்சனல் மேனேஜர் கூப்பிட்டார். வரிசையாக நின்றோம். டீம் இனிமேல் இல்லை, மாதக் கடைசிவரைக்குமான சம்பளம் வந்துவிடும், இன்றைக்கே கிளம்பலாம் என்றார். எல்லாம் எதிர்பார்த்ததுதான். நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"நேத்து சைரனுக்கு பந்த கீழ வச்ச பொண்ணு யாரும்மா?" என்று கேட்டார்.

அவள் கையைத் தூக்கினாள்.

"டைம் ஆபீஸ்ல ஒரு எடம் இருக்கு. பர்மனென்ட். மேட்ச் நடுவுலயே சைரனுக்கு ஓடுற ஆளு நமக்கு எங்க கெடைக்கும்?" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற கிளார்க்கும் சிரித்தார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவளைத் தேற்றுவதாகக்கூட நினைத்திருப்பார்.

அவள், "வேணாம் சார்," என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்குப் பொறாமையில் உடம்பெல்லாம் எரிந்தது. ஜெயிக்க வைத்திருக்க வேண்டிய நேரத்தில் தோற்க வைத்தவளுக்கு வேலை. விலாவில் இடி வாங்கி, பந்தைப் பிடித்து அவள் கையில் கொடுத்தவள் ஊருக்கு. மேனேஜரின் மேசையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று இவள் பழவேற்காட்டுக்குப் போனால், போகிற இடமெல்லாம் அந்தப் பந்தைத் தூக்கிக்கொண்டுதான் போவாள். இவளை இப்படி ஓடப் பழக்கினது யார்? அரை நாள் சம்பளத்தைப் பிடித்து இவர்கள்தானே பழக்கினார்கள்? இவர்களே வைத்துக்கொண்டு சோறு போடட்டும்.

"என்ன ஏன்டி பாக்கற? வாங்கிக்கோ," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

அவளை அப்போதே டைம் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஸ்டோர்ஸ், பேக்கிங் என்று அவரவர் இடத்தில் சொல்லிக்கொண்டு பையோடு கேட்டுக்கு வந்தோம். வெளியே போவதற்கு முன் அடையாள அட்டையை டைம் ஆபீஸ் ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் செக்யூரிட்டி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் அவளுடைய முதல் நிரந்தர வேலை, எங்கள் அட்டைகளை வாங்கி வைப்பது.

முன்னால் நின்ற நாலு பேருடையதையும் தலை நிமிராமல் வாங்கினாள். நான் கடைசி. அட்டையை ஜன்னல் பலகையில் வைத்தேன். அவள் எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் யாருமில்லை. ஆனாலும் மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

"உன்னுத நாளைக்கு குடு, அக்கா."

"நாளைக்கு நான் எங்கடி வரப்போறேன்?" என்றேன்.